‘தோ?’ என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? முனைவர் பட்ட ஆய்வுச் சிக்கலை எழுதும் வழி

என் முதல் சினாப்சிஸை, அதாவது ஆய்வுத் திட்டச் சுருக்கத்தை, ஆய்வுக் குழுவின் முன் வைத்தது ஒரு ஜனவரி மாதம். அறைக்குள்ளேயே எல்லாரும் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு நிமிடம் மூச்சு விடாமல் பேசினேன். முடித்ததும், மேசை ஓரத்தில் இருந்த பேராசிரியர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரே எழுத்தில் கேட்டார்: “தோ?”

‘அதனால் என்ன?’ என்பதை டெல்லிக்காரர்கள் அந்த ஓர் எழுத்தில் கேட்டுவிடுவார்கள். எனக்குப் பதில் வரவில்லை. தலைப்பு இருந்தது, நீளமான நூற்பட்டியல் இருந்தது, கேள்வித்தாள்கூடத் தயாராக இருந்தது. சிக்கல் என்ற ஒன்று மட்டும் இல்லை. அடுத்த கூட்டம் ஆறு மாதம் கழித்துத்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்.கே.புரத்தில் எங்கள் வீட்டுக்கு ஸ்காலர் பிள்ளைகள் சிலர் வருவார்கள். ஜேஎன்யூ, டெல்லி பல்கலைக்கழகம், ஜாமியா, எப்போதாவது ஐஐடி. மலை மந்திரில் கும்பிட்டுவிட்டு, கையில் நாலு பக்கப் பிரிண்ட் அவுட்டோடு. இட்லிக்காகத்தான் வருகிறார்கள் என்பார் என் கணவர், அதுவும் பொய்யில்லை. அந்த நாலு பக்கங்களைப் படித்தால் பெரும்பாலும் என்னுடைய அதே ஓட்டைதான். அவர்களிடம் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எப்போது தேவை, எவ்வளவு நேரம் இருக்கிறது

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். தொடக்கத்தில் படிக்க வேண்டிய பாடங்களான கோர்ஸ் வொர்க் இதற்குள் அடக்கம். உங்கள் ஆய்வுத் திட்டத்தைப் பரிசீலித்துத் தலைப்பை இறுதி செய்வது ஆய்வு ஆலோசனைக் குழு, பேச்சுவழக்கில் ஆர்ஏசி. செமஸ்டருக்கு ஒரு முறை அதன் முன் நின்று முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். ஆக, ஒரு கூட்டம் கைநழுவினால் அரை வருஷம் போச்சு.

ஆய்வுச் சிக்கல் சினாப்சிஸில் ஒரு பக்கம், பெரும்பாலும் ஒன்றிரண்டு பத்திகள். அதே பத்திகள்தான் பிறகு முதல் இயலுக்குள் போய் உட்காரும். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் முதலில் விரலை வைப்பதும் அங்கேதான். கோர்ஸ் வொர்க் நடக்கும்போதே எழுத ஆரம்பித்துவிடுங்கள். ‘எல்லாம் படித்து முடித்த பிறகு எழுதலாம்’ என்று காத்திருந்தவர்கள் இன்னும் படித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

முதல் படி: தலைப்பை எடுத்துத் தள்ளி வையுங்கள்

போன குளிர்காலத்தில் சமூகவியல் படிக்கும் ஒரு பெண் வந்தாள். கொண்டுவந்த தாளின் முதல் வரி இது:

‘டெல்லியில் இடமாற்றம் செய்யப்பட்ட தமிழ்க் குடிசைவாசிகளின் சமூகப் பொருளாதார வாழ்வில் ஏற்பட்ட தாக்கம்: மதராசி கேம்ப்பை முன்வைத்து ஓர் ஆய்வு.’

டெல்லித் தமிழர்களுக்கு மதராசி கேம்ப்பை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வரி. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி, பல பத்தாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த குடியிருப்பு அது. வடிகாலின் ஓட்டத்தை மறிக்கிறது என்று டெல்லி உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவுப்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. தகுதி பெற்ற குடும்பங்களுக்கு ஒதுக்கப்பட்ட வீடுகள் இருப்பது நகரத்தின் வடக்கு விளிம்பில், நரேலாவில்.

“இதுல சிக்கல் எங்கம்மா இருக்கு?” என்று கேட்டேன்.

“அக்கா, தலைப்பிலேயே இருக்கே. வீடு போச்சு, வேலை போச்சு, பிள்ளைங்க படிப்பு போச்சு.”

அது துயரம். அரசாங்கமும் நீதிமன்றமும் நாமும் சேர்ந்து தீர்க்க வேண்டிய பிரச்சினை. ஆய்வுச் சிக்கல் என்பது வேறு ஜாதி: எதையோ நமக்குத் தெரியாததால் ஏற்படும் சிக்கல் அது. வீடு போனவருக்கு வீடு கிடைத்தால் முதல் பிரச்சினை தீரும். அதற்கு ஆய்வேடு தேவையில்லை. எதைத் தெரிந்துகொண்டால் அடுத்த முறை முடிவெடுப்பவர் வேறு மாதிரி முடிவெடுப்பார், அல்லது இந்தத் துறையில் எழுதுபவர்கள் வேறு மாதிரி எழுதுவார்கள்? அந்த ‘எதை’தான் ஆய்வுச் சிக்கல். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு எழுதும் பத்திகள் படிப்பவரின் கண்ணில் நீரை வரவழைக்கும், குழுவிடம் ‘தோ?’வையும் வரவழைக்கும்.

தலைப்பில் தப்பு கண்டுபிடிக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். ‘மதராசி கேம்ப்பை முன்வைத்து ஓர் ஆய்வு’ என்றால் யார் மறுக்க முடியும்? சிக்கலை மறுக்க முடிய வேண்டும். ‘இல்லை, இது ஏற்கெனவே தெரியும்’ என்றோ, ‘நீங்கள் சொல்வது தவறு’ என்றோ எதிரில் இருப்பவர் சொல்ல இடம் இருந்தால்தான் நீங்கள் எதையோ சொல்லியிருக்கிறீர்கள்.

தாளை வாங்கிச் சில சொற்களைச் சிவப்புப் பென்சிலால் அடித்தேன். தாக்கம். பங்கு. சமூகப் பொருளாதார. பன்முக நோக்கு. ஓர் ஆய்வு. ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு ‘இம்பாக்ட்’, ‘ரோல்’, ‘சேலஞ்சஸ் அண்ட் ப்ராஸ்பெக்ட்ஸ்’. இவை மூட்டை கட்டும் துணி மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, கட்டியவருக்குக்கூட. அடித்த பிறகு அந்தத் தலைப்பில் மிஞ்சியது மூன்றே சொற்கள்: டெல்லி, தமிழ், இடமாற்றம்.

இரண்டாம் படி: நாலு சொல்லில் எலும்புக்கூடு

இந்த மூன்று சொற்களை வைத்து நாலு வாக்கியம் எழுதச் சொன்னேன். முதல் வாக்கியம் ‘இதுவரை’ என்று தொடங்க வேண்டும். இரண்டாவது ‘ஆனால்’. மூன்றாவது ‘அதனால்’. நான்காவது ‘ஆகவே’.

இதுவரை: இந்த விஷயத்தில் என்ன தெரிந்திருக்கிறது.
ஆனால்: அந்த அறிவு எங்கே இடிக்கிறது.
அதனால்: அப்படி இடிப்பதால் யாருக்கு என்ன நட்டம்.
ஆகவே: இந்த ஆய்வு எதைக் கண்டுபிடிக்கப் போகிறது.

இது என் கண்டுபிடிப்பில்லை. ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளை ஆராய்ந்த மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் ஏறக்குறைய இப்படி ஒரு நடையைத்தான் விவரித்தார்: முதலில் களத்தைக் காட்டுவது, பிறகு அதில் காலியிடத்தைக் காட்டுவது, பிறகு போய் அங்கே உட்காருவது. நான் அதைத் தமிழ் இணைப்புச் சொற்களில் மாட்டி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ‘அதனால்’ என்ற மூன்றாவதை மட்டும் தனியாக அழுத்துகிறேன். எங்கள் பேராசிரியரின் ‘தோ?’வுக்குப் பதில் அங்கே இருக்கிறது.

நாலில் கனமானது ‘ஆனால்’. அந்தப் பெண் இருபது நிமிடம் உட்கார்ந்து எழுதியது: ‘ஆனால், மதராசி கேம்ப் மக்களைப் பற்றி இதுவரை யாரும் ஆராயவில்லை.’

மூன்றாம் படி: ‘யாரும் செய்யவில்லை’ என்பதை நம்பாதீர்கள்

இந்த வாக்கியத்தை நானும் எழுதியவள்தான், அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். என் தெருவில் எத்தனை வீட்டில் நீல நிற வாளி இருக்கிறது என்று யாரும் ஆராயவில்லை. ஆராயாததற்குக் காரணம், அது யாருக்கும் தேவைப்படவில்லை. ஒன்றை யாரும் செய்யாமல் விட்டிருப்பது அதைச் செய்வதற்குக் காரணமாகாது. மேலாண்மைத் துறையில் ஆல்வெசனும் சாண்ட்பெர்கும் 2011இல் இதையே விமர்சித்தார்கள்: காலியிடம் தேடி நிரப்புவதையே ஆய்வு என்று நினைக்கிறோம், ஏற்கெனவே உள்ள ஆய்வுகள் எதை நம்பி நிற்கின்றன என்று கேட்பதே இல்லை.

அந்த வாக்கியம் பெரும்பாலும் உண்மையும் இல்லை. முதலில் ஷோத்கங்கா இணையதளத்தில் தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் அங்கே முழுதாகக் கிடைக்கும். இன்னும் நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் சினாப்சிஸ்களுக்கு ஷோத்கங்கோத்ரி இருக்கிறது. உங்கள் தலைப்பில் வேறொருவர் ஏற்கெனவே பதிவு செய்திருக்கிறாரா என்று அங்கேதான் தெரியும். இதைப் பார்க்காமல் வருபவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஆங்கிலச் சொற்களோடு நிறுத்தாமல் இந்தியிலும் தமிழிலும் தேடுங்கள். டெல்லிக் குடிசைகள் பற்றிய பல ஆய்வுகள் ‘ஜுக்கி’ என்ற சொல்லில்தான் அகப்படும். ‘ஸ்லம்’ என்று மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும்.

இடமாற்றம் பற்றி நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். டெல்லியில் ஆற்றங்கரைக் குடிசைப் பகுதியான யமுனா புஷ்தாவிலிருந்து நகர விளிம்பில் உள்ள பவானாவுக்கு அனுப்பப்பட்டவர்களைப் பற்றி நூலே இருக்கிறது. அகமதாபாத்தில் குலுக்கல் முறையில் புறநகர் வீடு கிடைத்த குடும்பங்களைப் பதினான்கு ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்த பார்ன்ஹார்ட், ஃபீல்ட், பாண்டே மூவரின் ஆய்வு 2017இல் வெளிவந்தது. வீடு நன்றாக இருந்தது, வருமானம் கூடவில்லை. உறவினரோடும் சாதிக்காரரோடும் இருந்த தொடர்பு தேய்ந்திருந்தது. வீடு கிடைத்தவர்களில் 34 சதவீதம் பேர் அங்கே குடிபோகவே இல்லை. 32 சதவீதம் பேர் போய்விட்டுப் பிறகு வெளியேறிவிட்டார்கள்.

இதைப் படித்ததும் அந்தப் பெண் முகம் வாடிவிட்டது. “அப்போ நான் சொல்ல வந்ததை அவங்க ஏற்கெனவே சொல்லிட்டாங்களே அக்கா.”

நல்லது. இப்போதுதான் ‘இதுவரை’ வாக்கியம் கையில் வந்திருக்கிறது. அது இல்லாமல் ‘ஆனால்’ எங்கிருந்து வரும்? படித்ததில் நீங்கள் சொல்ல வந்தது கிடைத்தால் வருத்தப்படாதீர்கள். அதை மேசையில் வைத்து, உங்களுக்குத் தெரிந்த மனிதர்களைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். எங்கே பொருந்தவில்லை?

அன்று மாலை இரண்டாவது டபராவுக்குள் மூன்று ‘ஆனால்’கள் வந்தன.

ஒன்று: அகமதாபாத்தில் வீடு பிடிக்காதவர் திரும்பிப் போக முடிந்தது, பழைய இடம் அங்கேயே இருந்தது. இடித்துத் தரைமட்டமாக்கிய இடத்துக்கு எங்கே திரும்புவது? வெளியேறுவது என்ற வாய்ப்பே இல்லாதபோது அந்த முடிவுகள் அப்படியே பொருந்துமா?

இரண்டு: உறவு வலை என்று அந்த ஆய்வு பேசுவது குடும்பத்தையும் சாதியையும். மதராசி கேம்ப்பில் வலையைப் பின்னியதில் மொழிக்கும் பங்கு உண்டு. வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண் அடுத்த பெண்ணுக்கு வேலை பிடித்துக் கொடுத்தது தமிழில். பிள்ளையைத் தமிழ் சொல்லித்தரும் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் (டிடிஇஏ) பள்ளியில் சேர்த்தது பக்கத்து வீட்டு அக்கா சொல்லி. டெல்லியில் இந்தப் பள்ளிகள் ஏழு. நரேலாவில் ஒன்றும் கிடையாது. தூரம் ஒரு நட்டம், மொழி ஒரு நட்டம். இரண்டையும் பிரித்துப் பார்த்தவர் யார்?

மூன்று: ஒரே சந்தில் இருந்தவர்களில் சிலருக்கு வீடு, சிலருக்கு இல்லை. 2015ஆம் ஆண்டின் மறுகுடியமர்வுக் கொள்கைப்படி குடியிருப்பு 2006 ஜனவரி 1க்கு முன்பே இருந்திருக்க வேண்டும். தனிக் குடிசை 2015 ஜனவரி 1க்கு முன். அதைக் காட்டும் காகிதம் வேண்டும். ஒரே மாதிரி வாழ்ந்த இரண்டு குடும்பங்களை ஒரு காகிதம் பிரித்தது. ஆய்வு முறை தெரிந்தவர்களுக்கு வாயில் எச்சில் ஊறும் ஒப்பீடு இது.

மூன்றும் நல்ல ‘ஆனால்’கள்தான். ஓர் ஆய்வேட்டுக்கு ஒன்று போதும். மூன்றையும் திணித்தால் நடுவிலேயே மூச்சு வாங்கும். அவள் இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதை ஆய்வு முறைக்குள் கொண்டுவந்து ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டாள். கெட்டிக்காரி.

மற்ற துறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஐஐடி பையன் ஒருவன் காற்று மாசை அளக்கும் மலிவு விலை சென்சார் பற்றி எழுதி வந்தான். ‘ஆனால், ஈரப்பதம் கூடினால் அது தவறாகக் காட்டுகிறது’ என்று ஆனாலை வைத்திருந்தான். துகள்கள் ஈரத்தை உறிஞ்சி உப்புவதால் ஒளிச்சிதறல் சென்சார்கள் அளவைக் கூட்டிக் காட்டும் என்பது அந்தத் துறையில் பழைய செய்தி. அது ‘இதுவரை’யில் போக வேண்டியது. அதற்காகப் போடும் திருத்தக் கணக்கு ஒரு பருவத்தில் சரியாக வந்து, டெல்லியின் டிசம்பர் பனிமூட்டத்தில் எங்கே உடைகிறது என்பதில்தான் அவனுடைய ‘ஆனால்’ இருந்திருக்கும். அறிவியல்காரர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஒரு படி முன்னாலேயே நின்றுவிடுகிறார்கள்.

தமிழ்த்துறைப் பிள்ளைகளுக்கு வேறு வியாதி: பட்டியல். ‘இந்திரா பார்த்தசாரதி, ஆதவன் கதைகளில் டெல்லி’ என்று வைத்துக்கொண்டு, கதை கதையாகக் கன்னாட் பிளேஸ் வரும் இடங்களை எடுத்தெழுதிவிட்டு ஆய்வு என்பார்கள். இருவரும் டெல்லியில் வாழ்ந்தவர்கள், டெல்லியை எழுதியவர்கள், அதில் சந்தேகமில்லை. ‘இந்தக் கதைகளில் டெல்லித் தமிழர் என்றால் யார்? அலுவலகம் போகிறவர் மட்டுமா? கேம்ப்பில் இருப்பவர் கண்ணில் படுகிறாரா?’ என்று கேட்டுப் பாருங்கள். பட்டியல் மெல்ல ஆனாலாக மாறும்.

நான்காம் படி: யாருக்கு நட்டம்?

‘அதனால்’ வாக்கியத்தில் இரண்டு தப்பு வழக்கமாக வரும்.

ஒன்று, தீர்வையே சிக்கலாக எழுதுவது. ‘நரேலாவில் தமிழ்ப் பள்ளி இல்லை என்பதே சிக்கல்.’ பார்க்கச் சரியாக இருக்கும். உற்றுப் பாருங்கள்: பள்ளி கட்ட வேண்டும் என்ற முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்டு, அதன் முன்னால் ‘இல்லை’யைச் சேர்த்திருக்கிறார். பள்ளி வந்தால் என்ன சரியாகும், என்ன ஆகாது என்று ஆராய்ந்த பிறகல்லவா சொல்ல வேண்டும்? உங்கள் வாக்கியத்தில் ‘இல்லை’, ‘போதாமை’, ‘விழிப்புணர்வின்மை’ வந்தால் நின்று யோசியுங்கள். ‘விழிப்புணர்வின்மை’ வந்தால் இரண்டு முறை.

இன்னொன்று, முடிவை முன்னாலேயே சொல்லிவிடுவது. ‘இடமாற்றத்தால் குழந்தைகள் தாய்மொழியை இழந்துவிட்டனர்.’ இழந்துவிட்டார்கள் என்று தெரிந்துவிட்டால் களத்துக்கு எதற்குப் போகிறீர்கள்?

நட்டம் இரண்டு தரப்புக்குச் சொல்ல வேண்டும். அறிவுத் தரப்பில்: இந்தப் புதிர் தீராததால் எந்தக் கருத்து அரைகுறையாக நிற்கிறது? உலகத் தரப்பில்: யார் எந்த முடிவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறார்? அந்தப் பெண்ணின் விஷயத்தில் முதலாவது, உறவு வலை என்ற கருத்தில் மொழியின் இடம். இரண்டாவது, கொள்கையில் வீட்டின் தகுதி, காகிதம், தேதி எல்லாம் எண்ணப்படுகின்றன. ஒரு மொழிக் குடியிருப்பைச் சேர்த்தே குடியமர்த்துவதா பிரித்தா என்ற கேள்வி எங்கும் எண்ணப்படுவதில்லை. இதில் ‘உலகத்துக்கே பயன்படும்’ மாதிரி வாக்கியங்கள் வேண்டாம். ஒரு துறை, ஓர் அலுவலகம், ஒரு வகை மக்கள் என்று பெயர் சொல்லக்கூடிய அளவில் நிறுத்துங்கள்.

ஐந்தாம் படி: ஒரு எண், அதற்கு ஒரு தேதி

சிக்கல் பத்தியில் புள்ளிவிவரம் கொட்டாதீர்கள். சிக்கல் கற்பனையில்லை என்று காட்ட ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. அவள் எடுத்தது: நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்கில் 370 வீடுகளில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. இந்த மாதிரி எண் பிறகு மாறும். முறையீடு போகும், விடுபட்டவர் சேர்வார். அதனால் எந்தத் தேதியின் எண், எந்த ஆவணத்தில் வந்தது என்று கூடவே எழுத வேண்டும். செய்தித்தாளில் பார்த்ததை அப்படியே தூக்கிப் போடாமல் உத்தரவின் நகலைத் தேடிப் படியுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் ஒரு சந்தேகத்தோடு பயன்படுத்துங்கள். கையில் உள்ள கடைசிக் கணக்கு 2011. அதன் தாய்மொழி அட்டவணை டெல்லியில் எத்தனை பேர் தமிழ் என்று சொன்னார்கள் என்பதைச் சொல்லும். அந்த வீட்டுப் பிள்ளை தமிழில் படிக்குமா, அம்மாவிடம் தமிழில் பேசித் தம்பியிடம் இந்தியில் பேசுமா என்பதைச் சொல்லாது. சில சமயம் எண்ணால் காட்ட முடியாத அந்த இடமே உங்கள் ‘ஆனால்’ ஆகிவிடும்.

ஆறாம் படி: உங்களால் முடியுமா?

நாலு வாக்கியம் சரியாக வந்ததும் கால் கட்டுப் போட வேண்டும். ஒருத்தி, மூன்று வருஷம், ஃபெல்லோஷிப் பணம். மதராசி கேம்ப், பவானா, இன்னொரு மறுகுடியமர்வுப் பகுதியான சாவ்டா கேவ்ரா, கூடவே மும்பை தாராவி என்றெல்லாம் விரித்திருந்தாள். தாராவியை உடனே எடுக்கச் சொன்னேன். நரேலாவுக்கு ஒரு நாள் போய் வரச் சொன்னேன்: மெட்ரோவின் மஞ்சள் பாதையில் சமய்பூர் பாத்லி கடைசி நிலையம் வரை, அங்கிருந்து பேருந்து. போய்விட்டு ராத்திரி போன் செய்தாள். “அக்கா, வாரத்துக்கு ரெண்டு நாளுக்கு மேல முடியாது.” அப்படியானால் எத்தனை குடும்பம் என்பது தானாக வந்துவிடும். களத்துக்கு ஒரு முறை போய் வந்த கால்வலி எல்லையை வரையறுப்பதைப் போல எந்த நூலும் வரையறுக்காது.

இன்னொன்றும் சொன்னேன். வீடு இழந்தவர்களிடம் கேள்வித்தாளோடு போய் நிற்பதற்கு ஒரு நேரம் காலம் உண்டு. முதல் சில முறை வெறுமனே போய் உட்கார்ந்து பேசிவிட்டு வா. பள்ளிச் சேர்க்கை, ரேஷன் கார்டு மாற்றம் என்று ஏதாவது விண்ணப்பம் எழுதிக் கொடுக்க முடிந்தால் எழுதிக் கொடு.

ஏழாம் படி: எழுதுங்கள், பிறகு அம்மாவிடம் சொல்லுங்கள்

ஐந்து வாரம் கழித்து அவள் கொண்டுவந்த பத்தி இது. ஆங்கிலத்தில் இருந்ததை இருவரும் சேர்ந்து தமிழில் சொல்லிப் பார்த்தோம்:

‘குடிசைவாசிகளை நகர விளிம்புக்கு இடமாற்றும்போது வீட்டின் தரம் உயர்ந்தாலும், வேலைக்கான தூரம் கூடுவதும் உறவு வலை அறுபடுவதும் அந்தப் பலனைக் குறைக்கின்றன என்று இதுவரை வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால், இவற்றில் நான் படித்தவை உறவு வலை என்று அளப்பது குடும்பத்தையும் சாதியையும். சுற்றிலும் வேறு மொழி பேசும் நகரத்தில், ஒரே மொழி பேசும் குடியிருப்பு சிதறும்போது வேலை தேடுவதிலும் பிள்ளைகளின் பள்ளித் தேர்விலும் மொழி தனியாக என்ன பங்காற்றியது என்பது அவற்றில் பிரித்துப் பார்க்கப்படவில்லை. அதனால், இடமாற்றத்தின் நட்டம் முழுவதும் தூரத்தின் கணக்கில் எழுதப்படுகிறது. போக்குவரத்தை மேம்படுத்தினால் போதும் என்ற முடிவுக்கு அது கொண்டுபோகக்கூடும். ஆகவே, 2025இல் இடிக்கப்பட்ட ஜங்புரா மதராசி கேம்ப்பிலிருந்து நரேலாவுக்குப் போன குடும்பங்களையும், வீடு கிடைக்காமல் பழைய இடத்துக்கு அருகிலேயே வாடகைக்குத் தங்கிவிட்ட குடும்பங்களையும் ஒப்பிட்டு, வேலைத் தொடர்பிலும் பிள்ளைகளின் பள்ளித் தேர்விலும் மொழியின் பங்கைத் தூரத்தின் பங்கிலிருந்து பிரித்தறிய இந்த ஆய்வு முயல்கிறது.’

குறையில்லாத பத்தி இல்லை. ‘பங்கு’ மறுபடி நுழைந்துவிட்டது. முதல் நாள் நான் அடித்த அதே சொல். ஆனால் இப்போது எதன் பங்கு, எதில் பங்கு என்று தெரிகிறது, அதனால் விட்டுவிட்டேன். ‘நான் படித்தவை’ என்பதைக் குழு பிடித்துக்கொள்ளும்: எத்தனை படித்தாய், எவை? பதிலாக முன்னாய்வுப் பகுதி தயாராக இருக்க வேண்டும். ‘ஆனால்’ வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கே ஆதாரம் வேண்டும். இரண்டு தரப்புக் குடும்பங்களும் மற்ற எல்லாவற்றிலும் ஒன்றுபோல்தானா என்ற கேள்வியும் வரும். வரட்டும். மறுக்க முடிகிற மாதிரி எழுதியதன் பலன் அது.

டெல்லியில் ஆங்கிலத்தில் ஆய்வு செய்யும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்த கடைசிச் சோதனை: எழுதியதை ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போனில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஓட்டையை மறைக்க ஆயிரம் சொல் கிடைக்கும், அம்மாவிடம் கிடைக்காது. இந்தப் பெண்ணின் அம்மா கேட்டுவிட்டு, “அப்ப பஸ்ஸு விட்டா மட்டும் பத்தாதுன்னு சொல்ற” என்றாராம். குழுவின் முன் அவள் அந்த வாக்கியத்திலிருந்துதான் தொடங்கினாள்.

தமிழிலேயே ஆய்வேடு எழுதுபவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் தேவை. ‘இவ்வாய்வு எடுத்தியம்ப முற்படுகிறது’ என்று அம்மாவிடம் பேச முடியாதில்லையா?

பிறகு மாறும்

களத்துக்குப் போனதும் சிக்கல் மாறும். மாறாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். நரேலாவில் மூன்றாவது மாதம் அவளுக்குத் தெரிந்தது: பிள்ளைகள் பலர் முன்பே வீட்டில் இந்தியில்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ‘மொழி’ என்று அவள் எழுதியது யாருடைய மொழி, அம்மாவுடையதா பிள்ளையுடையதா? இரண்டாவது வாக்கியத்தைத் திருத்தினாள். நெறியாளரிடம் எழுத்தில் சொல்லி, அடுத்த ஆர்ஏசி அறிக்கையில் அந்த மாற்றத்தைக் காரணத்தோடு சேர்த்தாள். சத்தமில்லாமல் மாற்றிவிட்டு வைவாவில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு, அப்படிச் செய்யாதீர்கள்.

பழைய வடிவங்களை அழிக்க வேண்டாம். கோப்புக்கு ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ரியல் ஃபைனல்’ என்று பெயர் வைக்காமல் தேதி போட்டு வையுங்கள். ‘எப்படி இந்தச் சிக்கலுக்கு வந்தீர்கள்?’ என்று வெளித்தேர்வாளர் கேட்கும் நாளில், அந்தத் தேதி வரிசைதான் உங்கள் கையில் இருக்கும்.